ஆவாரம் பட்டையும் கணிப்பொறிக் களஞ்சியமும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்லும் சாலையை ஒட்டிய தரிசு நிலங்களிலும் கரடுகளிலும் மஞ்சள் நிறப் பூக்களுடன் ஒரு புதர்ச்செடி செழித்து நிற்பதைக் காணலாம். அதுதான் ஆவாரை. யாரும் நட்டு வளர்ப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதுமில்லை. ஆனால் இந்தச் செடியைப் பற்றித் தமிழ் மக்கள் அறிந்திருப்பவை ஏராளம். அந்த அறிவை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

ஒன்று, அதன் பூவையும் பிற உறுப்புகளையும் பற்றிய மருத்துவ அறிவு. ஆவாரைக் குடிநீர் மதுமேகம் எனப்படும் நீரிழிவுக்குச் சித்த மருத்துவர்கள் தரும் மருந்து. இந்த அறிவு ஓலைச்சுவடிகளில் எழுதப்பட்டு, பின்னர் நூல்களாக அச்சேறி, இன்று கல்லூரிகளில் பாடமாகவும் உள்ளது.

மற்றொன்று, அதன் பட்டையைப் பற்றிய தொழில் அறிவு. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் அழுகாமல், விறைக்காமல், பல ஆண்டுகள் உழைக்கும் பதனிட்ட தோலாக மாற்றும் ஆற்றல் ஆவாரம் பட்டைக்கு உண்டு. பாலாற்றுக் கரையில் தோல் தொழில் வேரூன்றிய காலத்தில் அதன் மூலப்பொருள்களில் முதன்மையானது இந்தப் பட்டையே. ஆனால் இந்த அறிவு எந்த ஓலைச்சுவடியிலும் பாட்டாக எழுதி வைக்கப்படவில்லை. அது தொழிலாளர்களின் கைகளில் இருந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றது.

ஒரே செடி, ஆனால் அதைப் பற்றிய இரு வகை அறிவுக்கும் இரு வேறு கதிகள். இன்றைய உலகில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

தோல் எவ்வாறு பதப்படுகிறது?

விலங்கின் தோல் பெரும்பாலும் கொல்லாஜன் என்னும் நார்ப் புரதத்தால் ஆனது. ஈரத்தோடு விட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் இப்புரதத்தைத் தின்று அழித்துவிடும். வெயிலில் காயவைத்தாலோ நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைத்துப் போகும். அழுகவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அதற்கு வழி என்ன?

மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். மாவடுவைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றுகிறது அல்லவா? டானின், உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். இதே டானின் தோலின் கொல்லாஜன் நார்களிடையே புகுந்து, அவற்றைப் பற்றி நிலைப்படுத்துகிறது. அதன் பிறகு நுண்ணுயிர்களால் அந்த நார்களை எளிதில் சிதைக்க முடிவதில்லை. பச்சைத் தோலை நீரில் இட்டுச் சூடாக்கினால் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்ட தோல் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும்.

ஆவாரம் பட்டையில் சுமார் 18 சதவிகிதம் டானின் உண்டு. இருந்தாலும் பட்டையையும் தோலையும் ஒரு குழியில் போட்டு மூடிவிட்டால் பதனிட்ட தோல் கிடைத்துவிடாது. உப்பிட்ட தோலை முதலில் நீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழியில் இட்டு, முடியை நீக்கி, உட்புறச் சதையைக் கத்தியால் செதுக்கி, சுண்ணாம்பைக் கழுவ வேண்டும். அதன் பின்னரே பட்டைச் சாறு.

இங்குதான் தொழில் நுட்பத்தின் சூட்சுமம் இருக்கிறது. முதலில் தோலை இறக்குவது, முன்பே பயன்படுத்தப்பட்டு வலிமை குன்றிய பழைய சாற்றில். பிறகு படிப்படியாக வலிமை மிகுந்த சாறுகளுக்கு மாற்றுவார்கள். புதிய, வலிமையான சாறு கடைசியில்தான். தொடக்கத்திலேயே வலிமையான சாற்றில் இட்டால் தோலின் மேற்பரப்பு மட்டும் விரைவில் பதப்பட்டு இறுகிவிடும். டானின் உள்ளே புக வழியின்றி நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். சாறு எந்த அளவு வலிமையாக இருக்கிறது என்பதைக் காட்ட இன்று பார்க்கோமீட்டர் என்னும் கருவி உண்டு. முன்பு நிறமும் மணமும் தொடு உணர்வுமே கருவிகள். தோலின் ஓரத்தில் சிறிது வெட்டி, வெட்டுமுகம் முழுவதும் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை.

கடைசியாகக் கடுக்காய்ச் சாறு. இது வெறும் அலங்காரமன்று. ஆவாரம் பட்டையின் டானின் ஒரு வகை. அது மட்டும் இருந்தால் வெளிச்சம் படப்படத் தோல் சிவந்து கருக்கும். கடுக்காயின் டானின் வேறு வகை. அது அந்தச் சிவப்பைத் தடுத்து இளமஞ்சள் நிறத்தைத் தருகிறது. இந்த இரு வகை டானின்களையும் வேதியியல் நூல்கள் பிரித்துப் பெயரிட்டுள்ளன. அப்பெயர்களை அறியாமலேயே, எதை முதலில், எதைப் பின்னர் பயன்படுத்த வேண்டும் என்பதை இத்தொழிலாளர்கள் சரியாக அறிந்திருந்தனர். பின்னர் எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்தினால் தோல் தயார்.

கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் இது லண்டன் சந்தை வரை சென்று விலைபோயிற்று. ஆவாரைக்கு ஆங்கிலத்தில் ‘தோல் பதனிடுவோரின் காசியா’ என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. செடியின் பெயரில் தொழிலாளி இருக்கிறான். ஆனால் எந்தத் தொழிலாளியின் பெயரும் எந்த நூலிலும் இல்லை.

எழுதப்படாதது ஏன்?

தோலைத் தொடும் வேலையை இழிவு என்று ஒதுக்கி வைத்த சமூகம் நம்முடையது. ஏடு எழுதத் தெரிந்தவர்கள் தோல் குழியின் பக்கம் போகவில்லை. தோல் குழியில் நின்றவர்களுக்கோ நெடுங்காலம் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கவில்லை. ஆகவே மருந்து முறைகள் பாட்டாகி ஏடேறின. தோல் முறைகள் பேச்சாகவே நின்றன.

சென்னை மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி முறையாக எழுதப்பட்ட பழைய நூல்களுள் ஒன்று 1904ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதை எழுதியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கில அதிகாரி. சொன்னவர்கள் தொழிலாளர்களும் வணிகர்களும். எழுதியவர் அரசாங்க அதிகாரி. எழுதிய மொழி ஆங்கிலம்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் கவனிப்போம். குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவர் அதை எளிமையாக்கி மற்றொரு காப்புரிமை பெற்றார். குரோம் முறைக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, ஆவணம் உண்டு. ஆவாரம் முறை அதைவிட மிகப் பழமையானது. ஆனால் அதற்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

குரோம் முறை வாரக்கணக்கான வேலையை நாள்கணக்கில் முடித்துவிடுகிறது. அப்படிப் பதனிட்ட தோல் 100 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். காலணி மேல்தோலுக்கு ஏற்றது. 1970களில், பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையான தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பகுதிகளில் குரோம் முறை பெருகியது. பட்டை முறை சுருங்கியது. கழிவுநீர் பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை அதில் வலியுறுத்தப்பட்டது. பட்டை முறையின் கழிவுநீரும் தூய்மையானதன்று. அதிலும் நிறமும் கரிமப் பொருள்களும் மிகுதி. ஆனால் அதில் குரோமியம் இல்லை. ஆகவே இன்று உலகில் பல ஆய்வாளர்கள் மீண்டும் தாவர டானின்களின் பக்கம் திரும்பியுள்ளனர். இந்த நேரத்தில்தான் நமது வினா எழுகிறது. பழைய முறையைத் தேடி வருபவருக்கு அது எங்கே கிடைக்கும்? அதையே ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று ஒருவர் பதிவு செய்ய முயன்றால் யார், எதைக் காட்டித் தடுப்பது?

மஞ்சள் கற்பித்த பாடம்

இந்த வினா வெறும் கற்பனையன்று. காயத்தின் மேல் மஞ்சள்பொடி வைப்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வைத்தியம். 1995ஆம் ஆண்டு மார்ச்சில், காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

காப்புரிமை பெற வேண்டுமானால் பொருளோ முறையோ புதியதாக இருக்க வேண்டும். கோடிக்கணக்கான மக்கள் செய்து வரும் ஒன்று எப்படிப் புதியதாகும்? அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. அயல்நாட்டில் ஒன்று வழக்கத்தில் இருந்தது என்பது மட்டும் போதாது. அது அச்சிட்ட வெளியீட்டில் விவரிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அங்குக் காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். அதாவது, பாட்டி செய்தது கணக்கில் சேராது. புத்தகத்தில் அச்சானது மட்டுமே கணக்கில் சேரும். இந்த விதி 2013ஆம் ஆண்டில்தான் மாற்றப்பட்டது.

இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 1996இல் இந்தக் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கோரியது. அதன் தலைமை இயக்குநராக அப்போது இருந்தவர் ஆர். ஏ. மாஷேல்கர். சமஸ்கிருதம், உருது, இந்தி முதலிய மொழிகளில் இருந்த 32 சான்றுகளைத் திரட்டிக் காட்டினார்கள். அவற்றுள் சில நூறாண்டுகளுக்கும் மேற்பட்டவை. 1997இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது.

வேம்பின் கதை இன்னும் நீண்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சணங்களைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை அளித்தது. வந்தனா சிவா உள்ளிட்டோர் 1995இல் எதிர்ப்பு தெரிவித்தனர். 2000இல் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. பத்து ஆண்டுகள்! ஐரோப்பியச் சட்டம், ஒரு முறை உலகில் எங்கு, எவ்வகையில் மக்களுக்குத் தெரிந்திருந்தாலும் அதை ஏற்கும். ஆனால் அதற்கும் சான்று கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இவ்விரு வழக்குகளிலும் ஓர் உண்மை தெளிவாகிறது. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆராய்பவர் நம்மை ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பவரல்லர். அவர் மேசையில் இருந்து தேடும்போது கண்ணில் படாதது, அவரைப் பொறுத்தவரை உலகில் இல்லாதது. அவ்வளவுதான்.

களஞ்சியம் உருவாயிற்று

ஒவ்வொரு முறையும் வழக்காடுவதைவிட, ஆராய்பவர் தேடும் இடத்திலேயே சான்றை வைத்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததே ‘மரபு அறிவு எண்முறை நூலகம்’. சி.எஸ்.ஐ.ஆரும் இந்திய மருத்துவ முறைகளுக்கான மத்திய அரசுத் துறையும் சேர்ந்து 2001இல் இதைத் தொடங்கின. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம், யோகம், பின்னர் இமயமலைப் பகுதியின் சோவா ரிக்பா ஆகியவற்றின் நூல்களிலிருந்து தகவல்கள் எடுக்கப்பட்டன. இன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகளும் பயிற்சி முறைகளும் இதில் இடம்பெற்றுள்ளன.

இந்த வேலை எவ்வாறு நடக்கிறது? ஒரு பாட்டில் ஒரு மருந்து சொல்லப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வல்லுநர்கள் அதைப் பிரித்துப் படிக்கிறார்கள். எந்தச் செடி? வேரா, பட்டையா, பூவா? எந்த அளவு? இடிப்பதா, காய்ச்சுவதா? எந்த நோய்க்கு? எந்த நூல்? எந்தக் காலம்? ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்படுகிறது. குறியீடு கிடைத்துவிட்டால் கணிப்பொறி அதை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என்னும் ஐந்து மொழிகளில் வாக்கியங்களாக்கித் தந்துவிடும். பாட்டைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதில்லை. பொருளைக் குறியீடாக்கி, குறியீட்டை மொழியாக்குகிறார்கள்.

நூலகத்தில் புத்தகங்களைத் துறைவாரியாக அடுக்குவதுபோல், காப்புரிமைகளை அடுக்கவும் உலகளாவிய வகைப்பாட்டு முறை ஒன்று உண்டு. அதில் முன்பு தாவர மருந்துகள் அனைத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒரு சிறு பிரிவுதான் இருந்தது. பல்லாயிரம் புத்தகங்களை ஒரே அலமாரியில் குவித்தது போன்ற நிலை. இந்தியாவின் முயற்சியும் சேர்ந்து அந்த ஒரு பிரிவு சுமார் 200 உட்பிரிவுகளாக விரிந்தது.

2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துடனும் அதே ஆண்டில் அமெரிக்க அலுவலகத்துடனும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. வேறு பல நாடுகளும் சேர்ந்தன. இந்தக் களஞ்சியம் காட்டிய சான்றுகளால் 300க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, திருத்தப்பட்டன, அல்லது கைவிடப்பட்டன. பத்தாண்டு வழக்கு எங்கே, சில வாரத் தேடல் எங்கே!

பட்டைக்கு இடம் எங்கே?

இப்போது மீண்டும் ஆவாரைக்கு வருவோம். அந்தக் களஞ்சியத்தின் அடித்தளம் மருத்துவ நூல்கள். சித்த நூல்களில் சொல்லப்பட்ட மருந்து முறை அதில் ஏறிவிடும். ஆனால் நூலே இல்லாத தோல் தொழிலாளியின் அறிவு எந்த வழியாக அதனுள் நுழையும்? எழுதப்பட்ட அறிவுக்குக் காவல் கிடைத்தது. எழுதப்படாத அறிவு வெளியே நிற்கிறது. உழவு, மீன்பிடி, நெசவு, சாயம், மண்பாண்டம் என்று கையால் செய்யும் எல்லாத் தொழில்களுக்கும் இதுவே நிலை.

கிழக்கிந்தியத் தோலுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மையே. அது பெருமைக்குரியது. ஆனால் புவிசார் குறியீடு காப்பது பெயரை. உரிமையில்லாத ஒருவர் அந்தப் பெயரை இட்டு விற்கக் கூடாது. செய்முறை நாளை மறந்துபோனால் அதைத் திருப்பித் தரும் ஆற்றல் அந்தப் பெயருக்கு இல்லை.

ஆகவே புதிய பதிவு ஒன்று தேவை. ஆவாரம் பட்டைக்கு ஒரு பதிவேடு தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

முதலாவது, பெயர்கள். தமிழில் ஆவாரை, ஆவிரை, ஆவாரம். தெலுங்கில் தங்கேடு. இந்தியில் தர்வார். தாவரவியலில் முன்பு காசியா ஆரிகுலேட்டா. இன்று சென்னா ஆரிகுலேட்டா. இத்தனை பெயர்களும் ஒரே செடிக்கு உரியவை என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் சென்னா என்று தேடுபவருக்குக் காசியா என்று எழுதப்பட்ட பழைய குறிப்பு அகப்படாது. ஆம்பூர் வட்டாரத்தில் தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து வழங்குவதால், தொழிற்சொற்களும் மூன்று மொழிகளிலும் இருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, செய்முறை. எந்தப் பருவத்தில் பட்டை உரிப்பது, எத்தனை நாள் காயவைப்பது, எத்தனை எடைத் தோலுக்கு எத்தனை எடைப் பட்டை, எத்தனை குழிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள், கோடையில் என்ன மாற்றம், மழைக்காலத்தில் என்ன மாற்றம்.

மூன்றாவது, தவறினால் என்ன ஆகும் என்பது. சாறு புளித்துப்போனால் எப்படித் தெரியும்? தோலில் கறை விழுந்தால் காரணம் என்ன? புத்தகங்கள் பெரும்பாலும் சரியாகச் செய்யும் வழியை மட்டும் சொல்லும். அனுபவசாலியோ தவறிப்போவதன் அறிகுறிகளையும் அறிவார். ஆராய்ச்சியாளருக்கு இதுவே பொன்னான தகவல்.

நான்காவது, படமும் ஒலியும். தோலைத் தொட்டுப் பார்த்துப் ‘பதம் வந்துவிட்டது’ என்று சொல்லும் அறிவை எழுத்தில் முழுமையாக அடக்க முடியாது. கைகள் இயங்குவதைப் படம் பிடிக்கலாம். அவர் பேசுவதை அவர் சொற்களிலேயே பதிவு செய்யலாம். அதே சமயம் ஆய்வகத்தில் டானின் அளவையும் சாற்றின் அமிலத்தன்மையையும் சுருங்கும் வெப்பநிலையையும் அளந்து அதனுடன் இணைக்கலாம். இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னை அடையாற்றில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதுவும் சி.எஸ்.ஐ.ஆரைச் சேர்ந்ததே. மருந்து நூல்களின் களஞ்சியத்தை உருவாக்கிய அதே அமைப்பு தோல் அறிவியலுக்கும் ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, மிக முக்கியமானது: சொன்னவர் யார், எந்த ஊர், என்று சொன்னார், எதற்கெல்லாம் பயன்படுத்த அனுமதி தந்தார்? இந்த வரி இல்லாத பதிவேடு, சாட்டர்டன் காலத்துப் பழைய கதையையே மீண்டும் எழுதுவதாகும்.

திறந்த கதவா, பூட்டிய அறையா?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து வைத்தால் உலகத்து ஆய்வாளர்கள் எல்லாரும் பயன்பெறலாம். ஆனால் பணபலமுள்ள ஒரு நிறுவனம் அதைப் படித்து, சிறிது மாற்றி, புதிய காப்புரிமை பெற்று, சொன்னவருக்கு ஒரு காசும் தராமல் போகலாம். பூட்டி வைத்தால் திருட்டு குறையும். ஆனால் நல்ல ஆய்வும் நின்றுவிடும்.

மருத்துவக் களஞ்சியம் நெடுங்காலம் பூட்டிய அறையாகவே இருந்தது. காப்புரிமை அலுவலகத்தினர் மட்டும், வெளியே சொல்வதில்லை என்ற உறுதியுடன் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, ஆய்வாளர்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டண முறையில் படிப்படியாகக் கதவைத் திறக்க ஒப்புதல் அளித்தது.

மலேசியாவிலும் இதே சிந்தனை உண்டு. அங்குள்ள வன ஆராய்ச்சி நிலையம், ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களின் மூலிகை அறிவை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தது. மலாய் மருத்துவச் சுவடிகள் ஒரு புறம், காட்டு மக்களின் வாய்மொழி அறிவு மறு புறம் என்று, அங்கும் ஏட்டறிவும் கையறிவும் இரு வேறு நிலைகளில் இருக்கின்றன.

சொன்னவருக்குப் பங்கு கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நம் அண்டை மாநிலத்தில் ஒரு விடை கிடைத்தது. 1987 டிசம்பரில் கேரளத்து அகத்திய மலைப் பகுதியில் ஆய்வாளர்கள் சிலர் தாவரங்களைத் தேடிச் சென்றனர். வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் களைப்பில்லாமல் நடந்தனர். இடையிடையே ஒரு செடியின் காய்களைத் தின்றுவந்தனர். அந்தச் செடியைக் கொண்டு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையத்தில் ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995இல் கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவிகிதம். இவற்றில் பாதி காணி மக்களுக்கு. அந்தப் பணத்தை நிர்வகிக்க 1997இல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. குறைகள் இல்லாமலில்லை, எல்லாக் காணி மக்களிடமும் கேட்கவில்லை என்ற விமரிசனம் எழுந்தது. என்றாலும் அறிவைச் சொன்னவருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கை நடைமுறையில் நிலைநாட்டப்பட்டது.

பிறகு வந்த 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், ஊர்தோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வகை செய்தது. தங்கள் ஊரில் என்ன செடி, என்ன விலங்கு, அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது என்ன என்பதை ஊராரே எழுதும் ஏடு அது. இச்சட்டத்தின் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. உயிரியல் வளத்தையோ மரபறிவையோ அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர், அது எந்த நாட்டிலிருந்து, எந்த மக்களிடமிருந்து வந்தது என்று தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய தகவல் களஞ்சியங்களை நாடுகள் அமைத்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு. 15 நாடுகள் உறுதி செய்தால் அது நடைமுறைக்கு வரும் என்பது விதி.

ஆகவே கதவு முழுவதும் திறந்ததாகவோ முழுவதும் பூட்டியதாகவோ இருக்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் பல அறைகள் கொண்ட வீடாக அமைக்கலாம். இந்தச் செடியால் இந்த ஊரில் தோல் பதனிட்டார்கள் என்ற செய்தி வாசலிலேயே எல்லாருக்கும் தெரியட்டும். அளவும் பக்குவமும் உள்ளறையில், ஒப்பந்தம் செய்துகொண்ட ஆய்வாளருக்கு மட்டும். சொன்னவரும் அவர் பிள்ளைகளும் தம் மொழியில் எப்போது வேண்டுமானாலும் எல்லா அறைகளையும் திறந்து பார்க்கலாம். கணிப்பொறிக்கு இது கடினமான வேலையன்று.

கடினமானது வேறொன்று. குழிக்கரையில் நின்று பதம் பார்த்த தலைமுறைக்கு இன்று வயதாகிவிட்டது. ஒரு நூல் தொலைந்தால் அதன் மறுபடி வேறொரு நூலகத்தில் இருக்கக்கூடும். எழுதப்படாத அறிவுக்கு மறுபடி கிடையாது. அறிந்தவர் மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் தோல் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் ஏராளம். அவர்களிடம் கைபேசி இருக்கிறது; அதில் ஒலியும் படமும் பதியலாம். ‘தாத்தா, கடுக்காயை ஏன் கடைசியில் போடுவீங்க?’ என்று கேட்க ஒரு பேரன் போதும். கேட்டதை, சொன்னவர் பெயரோடும் அவர் சம்மதத்தோடும் தேதியிட்டு எழுதி, ஊரின் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கலாம். பூவுக்கு ஏடு கிடைத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பட்டைக்கு ஏடு எழுத இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.